உட்குழி உறுப்புகளின் காப்புப் படலம்

உட்குழியுடைய உறுப்புகளின் உட்சுவரை எபிதீலியம் என்னும் திசுப்படலம் போர்த்தியுள்ளது. சிறுகுடலில் ஒற்றை வரிசைத் தூண் செல்கள் சத்துகளை உறிஞ்சுகின்றன. மூச்சுக்குழலில் குறுஇழைகள் தூசியை வெளியே தள்ளுகின்றன. சிறுநீர்ப்பையின் படலம் விரிந்து கொடுக்கிறது. உராய்வு மிகுந்த வாய்க்குழியைப் பல அடுக்குத் தட்டைச் செல்கள் காக்கின்றன.

புகையிலை சேர்ந்த வெற்றிலையை நெடுங்காலம் மென்றால் இவ்வடுக்குகள் சீர்கெட்டு வெண்திட்டுகள் தோன்றலாம். அவற்றுள் சில புற்றுநோயாக மாறும். பிற உறுப்புகளைப் போலன்றி, வாயின் படலம் வெறுங்கண்ணுக்கே புலப்படும். இவ்வியல்பைப் பயன்படுத்தி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுதோறும் சென்று, 35 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் வாயைப் பரிசோதித்தனர். 2005-இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் 34 விழுக்காடு குறைந்தன. விலையுயர்ந்த கருவியின்றியும் உயிர்காக்க இயலும் என்பதே இதன் பாடம்.