கூலன்ட் குறைகிறதா? ஊற்றும் முன் தேடுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் நெடுஞ்சாலை ஓரங்களில் பானட்டைத் திறந்துவைத்தபடி கார்கள் நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது அன்றைக்கு வந்த கோளாறாக இருக்காது. மாதக்கணக்கில் சொட்டிய கூலன்ட்டைத் தண்ணீர் ஊற்றியே சமாளித்திருப்பார்கள். வெயில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1. கூலன்ட் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல; மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. ரிசர்வாயர் டேங்கில் மின், மேக்ஸ் என இரண்டு கோடுகள் இருக்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்தால் அளவு இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு வருடத்தில் லேசாக இறங்கினால் பரவாயில்லை. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது.

2. காய்ந்த கூலன்ட் தடம் விட்டுப் போகும். ஹோஸ் கிளிப்பின் ஓரம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் அதுதான் இடம். வாட்டர் பம்ப்பில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்ததும் அதன் வழியாகச் சொட்டும். அந்தத் துளையை எதையாவது வைத்து அடைத்துவிடாதீர்கள்; வெளியே வர வேண்டிய நீர் பேரிங்குக்குள் போய் பம்ப்பையே முடித்துவிடும்.

3. காருக்கு அடியில் ஈரமா? நிறமும் வாசனையும் இல்லாத தெளிந்த நீர் என்றால் ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். தொட்டால் பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். அதே வாசனை காருக்குள் வந்து, முன் சீட்டின் கால் மிதியும் நனைந்திருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

4. போர் தண்ணீரை ரேடியேட்டருக்குக் காட்டவே காட்டாதீர்கள். நம் ஊர்களில் பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படியும் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பற்றவைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். இப்போதுள்ள அலுமினிய ரேடியேட்டருக்கு அந்த வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை.

5. “நம்ம ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. துருவையும் அரிப்பையும் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். கான்சன்ட்ரேட் வாங்கினால் பொதுவாகப் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்க வேண்டும். தனியாக ஊற்றினால் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. ரெடி மிக்ஸ் என்றால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான தரம் எதுவும் இல்லை. வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன வகையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வகை கலந்தால் சேறுபோலக் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. பழைய வகைகளைப் பொதுவாக 2 ஆண்டுகளிலோ 40,000 கிலோமீட்டரிலோ மாற்றச் சொல்வார்கள். நீண்டகால வகைகள் 5 ஆண்டுகள் வரை தாங்கும்.

6. ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கர் மூடி மாதிரி வேலை செய்கிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை, ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வைத்து 120 டிகிரி வரை கொதிக்காமல் பிடித்துவைப்பது அதுதான். இன்ஜின் ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்தோ கல்லாக இறுகியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. பல பேர் கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள்.

7. ஹோஸையும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலும், நொறுங்குவதுபோல் இருந்தாலும், கிளிப் அருகே உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டும்.

8. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டன்சர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தூசி, பூச்சி, சருகு எல்லாம் சேர்ந்து காற்றை மறைத்துவிடும். முடிந்தால் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

9. எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். சிக்னலிலும் டிராஃபிக்கிலும் டெம்பரேச்சர் முள் ஏறி, வேகமாகப் போனதும் இறங்கினால் ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். அப்படிச் சோதித்துப் பார்க்கலாம். மாறாக, வேகத்தில்தான் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் பக்கம் போக வேண்டும். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் சில்லென்றிருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். சம்மதிக்காதீர்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும்.

10. வழியில் முள் சிவப்பைத் தொட்டால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். உடனே ஒதுங்க இடமில்லையென்றால் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டராக நின்று சூட்டை இழுக்கும். பத்திரமான இடம் கிடைத்ததும் இன்ஜினை அணையுங்கள். அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலலாம், கையை விடாதீர்கள். அரை மணி நேரமாவது பொறுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறியபின் தடித்த துணி போட்டு மெல்லத் திருகி, அழுத்தம் போனபின் திறங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வளையலாம், விரிசல் விடலாம். வேறு வழியில்லாமல் குடிநீர் ஊற்றியிருந்தால், ஊர் சேர்ந்ததும் அதை வடித்துப் புதுக் கூலன்ட் நிரப்புங்கள்.

ஓர் எச்சரிக்கை: கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், இன்ஜின் எரிந்துகொண்டிருக்க, முள் இறங்கிக் காட்டலாம். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் நிம்மதியடையாமல் வண்டியை நிறுத்துங்கள்.

11. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஓட்டையை அடைப்பது லாரிக்காரர்களின் பழைய கைமருந்து. நடுக்காட்டில் நின்றுபோனால் பட்டறை வரை கொண்டுசேர்க்கலாம். அதையே நிரந்தரமாக விட்டால் ஓட்டையோடு நல்ல குழாய்களும் அடைபடும்.

12. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மூன்றாம் கியரில் திணறவிடாமல் இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். இன்ஜின் சுழற்சி கூடினால் பம்ப்பும் வேகமாகச் சுற்றும்.

13. வெளியே சொட்டு ஈரமில்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது; சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெண்புகை; ஆயில் மூடிக்கு அடியில் வெளிறிய நுரை; ரிசர்வாயரில் ஓயாத குமிழிகள். இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிப் போகாமல் கட்டி இழுத்துப் போவதே மேல்.

14. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, சுவையோ இனிப்பு. மீதியைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். டியூப் வைத்து வாயால் உறிஞ்சவும் வேண்டாம். போர்ட்டிகோவில் சிந்தியதை உடனே துணியால் ஒற்றி எடுத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தெருநாயோ பூனையோ நக்கினால் சிறிதளவே அதன் உயிரைக் குடித்துவிடும்.