சாண் என்று நினைத்தது நாலு விரல்

முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் கோர்வைச் சேலை ஓடும். உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நான் நெய்ய, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கு நாடா தள்ளுவார்.

இருபத்திரண்டு வயதில் கஞ்சா பழகினேன். இடுப்பு வலி தெரியாமல் நாளெல்லாம் உட்காரலாம் என்றான் சிநேகிதன். வலி மறந்தது நிஜம். ஆனால் ஒரு சாண் நெய்துவிட்டேன் என்று எழுந்து கை வைத்து அளந்தால் நாலு விரல்தான் இருக்கும். உடம்பும் கரையும் சேருமிடத்தில் இழை பல இடத்தில் பிடிக்கவே இல்லை. அப்பா விரலால் தடவிப் பார்த்து, "கை உன்னுதுதான். கணக்குதான் உன்கிட்ட இல்லடா" என்றார்.

அந்தக் கணக்கு எங்கே போனதென்று பிறகு மருத்துவர் சொன்னார். கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற பொருள், மூளையில் நினைவைப் பிடித்துவைக்கும் இடத்தையும் கையசைவை ஒழுங்காக்கும் சிறுமூளையையும் குழப்புகிறது. பத்து நிமிஷம் அரைமணி நேரமாகத் தெரியும். இதயமும் வேகமாக அடிக்கும். ஒரு ராத்திரி செத்துவிடுவேன் என்றே பயந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று மருத்துவர் இரண்டு தடவை கேட்டார். இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதலாம். இருபத்தைந்து வயதுவரை மூளை வளர்கிறது என்பதால், பள்ளிக்கூடப் பையன்கள் கையில் இதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

போலீஸ் பயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தேன். ஆனால் அந்தப் பயம் தேவையில்லை; 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால், சொந்தப் பயன்பாட்டுக்கோ சிறிய அளவுக்கோ போடும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. போதை மீட்பு உதவி எண்ணான 14446க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

விட்ட முதல் வாரம்தான் கொடுமை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ராத்திரி வேர்த்துக் கொட்டியது. "நான் கத்தினா பதில் பேசாதம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அம்மா பேசவில்லை, மோரை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலத்துக்குமேல் டீ குடிப்பதில்லை, பழைய கூட்டாளிகள் உட்காரும் ஏரிக்கரைப் பக்கம் போவதில்லை. தூக்கம் சரியாக ஒரு மாசம் ஆனது. அதுவரை கோர்வையைத் தொடாமல், கரையில்லாத சாதாச் சேலை மட்டும் நெய்தேன்.