மழை பெய்தால் இங்கிலீஷில் என்ன எழுதுவது?

உலு யாமில் மழைக்குப் பஞ்சமே இல்லை. மூணு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால், நாலு மணிக்குக் கோயில் மண்டபத்துத் தகரக் கூரை நம்மைப் பேச விடாது. அந்த மண்டபத்தில்தான் பல்கலைக்கழக விடுமுறையில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் மழை நாளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எழுதியவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் முதல் வரியிலேயே 'இட் வாஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று ஆரம்பித்திருந்தார்கள்.

சிரித்துவிட்டேன். ஏன்னா நானும் அதே கேஸ்தான்.

நான் படிப்பது சிவில் என்ஜினியரிங். தொழில் பயிற்சிக்காக ஒரு கட்டுமானத் தளத்தில் இருந்தபோது, தினமும் சைட் டைரி எழுதுவது என் வேலை. முதல் வாரமே நல்ல மழை. நானும் பெருமையாக அந்தப் பூனை நாயை எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரர், வயதானவர். படித்துவிட்டு, "எத்தனை பூனை, எத்தனை நாய்?" என்று கேட்டார். பிறகு அதை அடித்துவிட்டு அவரே எழுதினார்: 'ஹெவி ரெய்ன், 2.10 டு 3.40 பி.எம். எக்ஸ்கவேஷன் ஸ்டாப்ட்.'

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அரசாங்க வேலைகளுக்கான பி.டபிள்யு.டி. 203ஏ ஒப்பந்தத்தில், வேலையை முடிக்கக் கூடுதல் நாள் கேட்பதற்கு ஒத்துக்கொள்ளும் காரணங்களில் 'எக்செப்ஷனலி இன்கிளமென்ட் வெதர்' ஒன்று. அதாவது வழக்கத்துக்கு மீறிய மோசமான வானிலை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது விட்டது, எந்த வேலை நின்றது என்று பதிவு இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். பூனைக்கும் நாய்க்கும் ஒரு நாள்கூடக் கிடைக்காது.

அந்தச் சொற்றொடர் தப்பு என்று சொல்லவில்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-லேயே அதைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைக்குப் பேச்சில் 'இட்ஸ் போரிங்' என்பதுதான் அதிகம் காதில் விழும். (தமிழில் எழுதினால் 'சலிப்பு' என்கிற போரிங்கும் இதுவும் ஒன்றாகத் தெரியும். மழைக்கான 'போ'வை உதட்டிலிருந்து காற்று வெடிக்கிற மாதிரி சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழை சலிப்பாக இருக்கிறது என்றாகிவிடும்.) தூறல் என்றால் 'டிரிஸில்'. கொஞ்ச நேரம் பெய்து விட்டுவிடுகிற மழை 'ஷவர்'. திடீரென்று கொட்டித் தீர்த்தால் 'டவுன்போர்'. நாம் பெரிய மழை என்று சொல்வதால் 'பிக் ரெய்ன்' என்று எழுதிவிடுகிறோம், அது வேண்டாம். கனமழை என்று நினைத்துக்கொண்டால் 'ஹெவி' தானாக வரும்.

அடுத்து, 'சேவ் ஃபார் எ ரெய்னி டே'. என்ன அர்த்தம் என்று கேட்டேன். "குடை வாங்க காசு சேர்க்கிறதாண்ணே?" என்றான் ஒருவன். கஷ்ட காலத்துக்குச் சேர்த்து வைப்பது என்பது அகராதிப் பொருள். என் பாட்டிக்கு அதற்கு அகராதியே வேண்டாம். இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை மழை பெய்தால் பட்டை ஈரமாகிவிடும், வெட்ட முடியாது. வெட்டி முடித்த பிறகு பெய்தால் மங்கில் இருக்கிற பாலை மழைத்தண்ணி அடித்துக்கொண்டு போய்விடும். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அதனால் வெயில் நாள் கூலியிலிருந்து ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளி மைலோ டின்னுக்குள் போகும். அப்பாவின் பள்ளிக் காலணி அந்த டின்னிலிருந்து வந்ததுதான். மற்றவர்களுக்கு 'ரெய்னி டே' ஓர் உவமை. லயத்து வீட்டில் அது செவ்வாய்க்கிழமை.

வேறு சிலவும் நமக்குப் பழக்கமானவைதான். 'ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்' நம்முடைய நிறைகுடம் தளும்பாது. 'இட் நெவர் ரெய்ன்ஸ் பட் இட் போர்ஸ்' பட்ட காலிலே படும். 'ரெய்ன் செக்' மட்டும் நமக்குப் புதுசு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், இன்னொரு நாள் வர ஒரு சீட்டு கொடுப்பார்கள். இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்ல இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் சொல்லித்தர நினைத்தது மூன்று சாதாரணச் சொற்கள்: 'அலர்ட்', 'வார்னிங்', 'டேஞ்சர்'. வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று மட்டத்தை இந்த வரிசையில்தான் அறிவிக்கிறது. தமிழில் முதல் இரண்டையும் 'எச்சரிக்கை' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் 'வார்னிங்' என்றால் தண்ணீர் ஒரு படி மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். 'கன்டினியுவஸ் ரெய்ன்' என்பதும் அப்படித்தான். கேட்க சாதுவாக இருக்கும், விடாத மழை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து மண் 'சேச்சுரேட்டட்' ஆகிவிடும். எடை கூடும், பிடிப்பு குறையும். 2022 டிசம்பர் 16 விடியுமுன் பக்கத்துப் பத்தாங் காலியில் மலைச்சரிவு முகாம் மேல் விழுந்து 31 பேர் இறந்தது நம் எல்லாருக்கும் தெரியும்.

நம் ஆறுகளில் குளிக்கப் போகிறவர்களுக்கு 'கெப்பாலா ஆயேர்' தெரியும். மேலே மலையில் பெய்கிற மழை, கீழே வெயில் அடிக்கும்போதே சுவர் மாதிரி இறங்கி வரும். இங்கிலீஷில் 'வாட்டர் சர்ஜ்'. வருவதற்கு முன் தெளிந்த தண்ணீர் கலங்கும், இலையும் குச்சியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். கலங்கிய தண்ணீருக்கு 'மர்க்கி' என்று சொல்லிக் கொடுத்தேன்.

போன வாரம் ஒவ்வொருவரும் சைட் டைரி மாதிரி நாலு வரி எழுதி வரச் சொல்லியிருந்தேன். குடை வாங்கச் சொன்ன தம்பி கொண்டு வந்தது இது: 'சண்டே. நோ ரெய்ன் ஹியர். 3.20 பி.எம். ரிவர் மர்க்கி. வி கேம் அவுட்.' 'ரிவர்' முன்னால் ஒரு 'தி', பின்னால் ஒரு 'டர்ன்ட்' சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.