இளைப்பாறு முன் இருந்து பேசுவோம்

உத்தியோகத்தில் இருப்போரிடம், “இளைப்பாறிய பின் என்ன செய்வதாக யோசனை?” என்று கேட்டால், “ஊரோடு போய் இருப்பேன்; தோட்டம் செய்வேன்; வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளோடு சில மாதம் நிற்பேன்” எனப் பலரும் சொல்வர். நல்ல ஆசைகளே. ஆனால் இவற்றை மனைவியோடு இருந்து பேசியவர் எத்தனை பேர்? கடதாசியில் கணக்குப் பார்த்தவர் எத்தனை பேர்? ஆசை வேறு, ஆயத்தம் வேறு. ஆயத்தம் செய்யும்போது மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. பணம்

அரசாங்க உத்தியோகத்தர் பொதுவாக 55 வயதில் விரும்பினால் இளைப்பாறலாம். 60இல் இளைப்பாறியே ஆகவேண்டும். அவர்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையினருக்கு அது இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 8ம், முதலாளி நூற்றுக்கு 12ம் செலுத்துகின்றனர். 15 பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில் 5 ஆண்டுக்குக் குறையாமல் உழைத்த மாதச் சம்பளக்காரருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். 30 ஆண்டு உழைத்தவருக்கு அது 15 மாதச் சம்பளம்.

இங்கே ஓர் அபாயம் உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் துறையில் இளைப்பாறும் வயதைக் குறைந்தது 60 என வகுத்தது. சேமலாப நிதியையோ ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுத்துவிடலாம். சம்பளமும் வந்துகொண்டிருக்க, பெருந்தொகையும் கைக்கு வரும்போது, அதை வாழ்நாள் முழுமைக்குமான சோறென்று எண்ணுவது கடினம். 24 இலட்சம் ரூபா பெரிய தொகையாகத் தோன்றலாம். 60 வயது முதல் 80 வயது வரை 240 மாதங்கள். வட்டியைச் சேர்க்காமல் பங்கிட்டால் மாதம் 10,000 ரூபாதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஓராண்டுக்குள் ஏறக்குறைய நூற்றுக்கு 70 உயர்ந்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

2. வீடு வளவு

மகளின் சீதனத்திற்கும் மகனின் வெளிநாட்டுப் பயணத்திற்கும் கையிலுள்ளதை எல்லாம் கொடுத்துவிடுவது நம்மவர் வழக்கம். கொடுப்பது பிழையன்று, எதையும் மிச்சம் வையாமல் கொடுப்பதே பிழை. வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதும்போது, தாய் தந்தை இருவருக்கும் சீவிய உரித்தை வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லலாம். உடைமை பிள்ளைக்குச் சேரும்; இருவரும் உயிரோடிருக்கும்வரை அங்கே வாழும் உரிமை அவர்களுக்கே இருக்கும். பிள்ளையில் நம்பிக்கை இல்லாததால் அன்று. மருமக்களோடும் கடன்காரரோடும் பின்னர் மனக்கசப்பு வராமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பிள்ளை ஏற்றுக்கொண்ட நன்கொடையை மீளப் பெறுவது எளிதன்று. ஆகவே எழுதுமுன் யோசிக்க வேண்டும்.

3. பொழுது

வேலை நின்றதும் ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் திடீரெனக் கையில் விழுகிறது. முப்பது ஆண்டாகக் கந்தோரே உலகமாக இருந்தவருக்கு இது பெரும் பாரம். 60 வயதில் புதிதாகத் தோட்டம் பழகுவதிலும் 50 வயதில் நான்கு கத்தரிக் கன்று நடுவது இலேசு. வாசிகசாலைக்கும் சங்கத்திற்கும் போகும் பழக்கமும், அயற்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கமும் முன்னரே தொடங்க வேண்டியவை.

இன்னொன்றும் உண்டு. கணவன் இளைப்பாறுகிறார், மனைவிக்கு இளைப்பாறும் வயது எது? அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கினால் அவளுக்கு மேலதிகமாக இரண்டு தேநீரும் ஒரு மத்தியானச் சாப்பாடும் கூடுகின்றன. அவளுக்கும் ஆசைகள் இருக்கலாம்: சகோதரி வீட்டில் ஒரு மாதம் நிற்க, தையல் பழக, அல்லது மத்தியானத்தில் கொஞ்சம் படுத்தெழும்ப. அவற்றைக் கேளாமல் வகுக்கும் திட்டம் பாதித் திட்டமே.

இருவரும் இருந்து பேசுவதற்கு:

அ. மாதச் செலவு எவ்வளவு? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

ஆ. ஒருவர் முந்திப் போனால் மற்றவருக்கு என்ன கிடைக்கும்? சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளியாக யாருடைய பெயர் கொடுக்கப்பட்டுள்ளது? உறுதியும் வங்கிப் புத்தகமும் இருக்குமிடம் இருவருக்கும் தெரியுமா?

இ. பிள்ளைகளுக்கு இப்போது கொடுப்பது எது? கடைசிவரை வைத்திருப்பது எது?

விடைகளை ஒரு கொப்பியில் எழுதி, ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பெற்றோர் தம் காலில் நிற்பதும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெரிய சீதனந்தான்.