சாந்தா றோசா பிளம்: குளிரை வேண்டும் பழமரம்

பழமரமொன்றை நாட்ட விரும்பும் கமக்காரர் பழத்தின் நிறத்தையும் சுவையையும் மாத்திரம் நோக்குதல் போதாது. அம்மரம் வேண்டும் காலநிலை தம் நிலத்தில் உண்டோ என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இவ்வுண்மையைச் சாந்தா றோசா என்னும் பிளம் இனம் நன்கு விளக்குகின்றது. பொங்கலுக்கு இடும் ‘பிளம்ஸ்’ உலர்ந்த முந்திரிகையாகும். ஈண்டுக் கூறப்படுவது வேறொரு மரத்தின் பழம்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துச் சாந்தா றோசா நகரில் லூதர் பேர்பாங் என்பவர் யப்பானியப் பிளம் இனங்களைப் பிற இனங்களுடன் கலந்து புதிய இனங்கள் பலவற்றை உண்டாக்கினார். அவற்றுள் ஒன்றாகிய இது 1906 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

மரமும் பழமும்

மரம் செழித்து நிமிர்ந்து வளரும். பூக்கள் வெண்ணிறமானவை. பழம் பெரியது; உருண்டையானது. கருஞ்சிவப்பான தோலின்மேல் மெல்லிய வெண்பூச்சுக் காணப்படும். சதை மஞ்சள் நிறமானது. தோலையடுத்துச் செம்மை பரந்திருக்கும். சதை இனிப்பும் நறுமணமும் உடையது, தோல் புளிக்கும். விதை சதையோடு ஒட்டியிருக்கும்.

இம்மரம் தன் மகரந்தத்தாலேயே காய்க்கவல்லது. ஆயினும், அதே காலத்திற் பூக்கும் பிறிதொரு யப்பானியப் பிளம் இனம் அருகில் இருப்பின் விளைவு கூடும்.

குளிர்த் தேவை

இலையுதிர்ந்து உறங்கும் மரம் மீண்டும் சீராகப் பூப்பதற்கு, 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 300 தொடக்கம் 400 மணித்தியாலம் வரை வேண்டும். இது குறையின் அரும்புகள் ஒழுங்காக விரியா, பூக்கள் சிலவே தோன்றும், காய் அரிதாகும். இரவிற் பெற்ற குளிரின் பயனை வெப்பமான பகல் குறைத்துவிடும்.

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு முதலிய தாழ்நிலங்களில் இத்தகைய குளிர் இல்லை; ஆங்கு இதனை நாட்டுதல் வீண் செலவாகும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் சில இரவுகளில் உறைபனி காணப்படுவதுண்டு. எனினும் அங்கும் பகல் வெப்பம் பெரும்பாலும் தணிவதில்லை. ஆதலால், கோவாவும் உருளைக்கிழங்கும் விளையும் நிலத்தை ஒரேயடியாக இதற்கு ஒதுக்குதல் தகாது. இரண்டொரு கன்றுகளை வேலியோரத்தில் நாட்டி, சில ஆண்டுகள் அவை பூத்துக் காய்ப்பதை அவதானித்த பின்னரே மேலும் நாட்டலாம்.

பராமரிப்பு

1. நீர் தேங்காத நிலத்தைத் தெரிவு செய்க.

2. விதையால் முளைத்த கன்று தாய்மரத்தின் இயல்பை அவ்வாறே கொள்ளாது. அரும்பொட்டுக் கன்றையே நாட்டுக.

3. நடுவில் வெளிச்சமும் காற்றும் புகுமாறு கிளைகளைக் கிண்ண வடிவில் கத்தரித்து வளர்க்குக.

4. காய்கள் நெருங்கிப் பிடிப்பின் அவை சிறியனவாயிருக்கும்போதே 4 தொடக்கம் 6 அங்குலத்துக்கு ஒன்றாக ஐதாக்குக. இல்லையேற் பழம் சிறுக்கும், கிளையும் முறியும்.

5. மழைக்காலத்திற் கபில அழுகல் நோய் பரவும். அழுகிய பழங்களை மரத்திலோ நிலத்திலோ விடாது அகற்றி அழித்துவிடுக.

6. பழங்கள் ஒருங்கே பழுப்பதில்லை. பல முறை பறித்தல் வேண்டும். முற்றப் பழுத்தவை மென்மையானவை. தூரச் சந்தைக்கு ஏற்றிச் செல்லத் தாங்கா.

கன்று வாங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க: இவ்வினம் வேண்டும் குளிர் எவ்வளவு? அது எம் நிலத்திற் கிடைக்குமா? பறித்த பழத்தை விரைவில் விற்கச் சந்தை அண்மையில் உண்டா? இவற்றுள் ஒன்றுக்கேனும் தக்க விடை கிடையாதாயின், அந்நிலத்துக்கு உகந்த வேறு பழமரத்தை நாட்டுதலே நலம்.