கணிதம் பயிற்றும் நெறி

ஓசூர்ப் பிரதேசத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் சிறார் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். கணக்கறிந்தும் வினாவின் மொழியறியாப் பிள்ளையை மந்தமென்று நாம் தள்ளுதல் அநியாயமன்றோ? 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மாணாக்கரை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துப் பயிற்ற வழி வகுத்தது.

இவ்வூர் ரோஜாவையே உதாரணமாகக் கொள்வோம். கட்டொன்றுக்கு 20 பூ. அரும்பு நிலையினர் 60 குச்சிகளைப் பூவாகப் பாவித்துக் கட்டி, 3 கட்டென்பர். மொட்டு நிலையினர் 7 கட்டுக்கு 140 எனப் பெருக்குவர். மலர் நிலையினர் 150 பூவில் 7 கட்டும் மீதி 10-உம் கண்டு, அம்மீதியை என்செய்வதென்றும் ஆராய்வர். பொருள் ஒன்றே, படிகளே வேறு.

வினாவை முதலில் அவரவர் தாய்மொழியிற் சொல்லச் செய்து, பின்னர்க் கணக்கிடச் செய்வோமாக. நிலையென்பது ஏறும் படியேயன்றி நிரந்தர முத்திரையன்று; ஆதலின் அடிக்கடி சோதித்து மேலேற்றுதல் நம் கடன்.