ஆறு பிறக்கும் மலை

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமியில் அமைந்த ஊர்கள். கரிசல் நிலமும் கண்மாய்களும் பனைமரங்களும் அங்குக் காணும் காட்சிகளாம். திருச்சுழியின் அருகே குண்டாறு செல்கின்றது. மழைக்காலத்திலன்றி அதில் நீரோட்டம் காண்டல் அரிது. கோடையில் வெறும் மணற்பரப்பாகவே கிடக்கும். இவ்வாறு பிறக்குமிடம் யாது? மேற்கே, வருசநாட்டு மலைத்தொடரின் கீழைச்சரிவில், சாப்தூரை அடுத்த மலைக்காடுகளே அதன் பிறப்பிடம். அம்மலைத்தொடரில் விளங்குவதே சதுரகிரி.

நாற்றிசையிலும் நான்கு மலைகள் சூழ நடுவே அமைந்தமையால் அஃது அப்பெயர் பெற்றது என்பர். ஆடி அமாவாசையன்று கரிசற்காட்டு ஊர்களிலிருந்து மக்கள் திரள் திரளாகச் சென்று அம்மலையில் ஏறுவர். வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையே அடிவாரம். அங்கிருந்து சுந்தரமகாலிங்கர் கோயிலை அடைய ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மலைவழி நடத்தல் வேண்டும். வழியில் மாங்கனி ஓடையும் வழுக்குப்பாறையும் சங்கிலிப்பாறையும் கோரக்கர் குகையும் உள்ளன. வழுக்குப்பாறையின் பெயரே, அடி பார்த்து நடக்க வேண்டும் என்று வழிப்போவாரை எச்சரிக்கின்றது.

மேலே ஏற ஏற மரங்கள் அடர்கின்றன, வெயில் தணிகின்றது, காற்றுக் குளிர்கின்றது. வானினின்று விழும் மழையின் வேகத்தை இலைகள் தடுக்கின்றன. தரையிற் படிந்த சருகு அந்நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சுகின்றது. வேர்கள் மண்ணைப் பற்றி நிற்பதால் நீர் நிலத்துள் இறங்கிச் சுனைகளாகச் சுரக்கின்றது. மரம் அழியின், மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். பின்னர் ஓடைகள் விரைவில் வறண்டுபோம்.

இக்காட்டைக் காத்தற்பொருட்டே 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற மலை அணில்களுக்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் இணைந்து புலிகள் காப்பகமாயின. புலியும் யானையும் வாழுங் காடு, நீர்வளம் குன்றாத காடாம்.

மலையேறுவோர் ஒன்றை மறத்தலாகாது. அடிவாரத்தில் வெயில் காய்கையிலும், உச்சியில் பெருமழை பெய்தல் கூடும். செங்குத்தான பாறைகளின் வழியே அந்நீர் நொடியில் ஓடையில் பாயும். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வாறு எழுந்த காட்டாற்று வெள்ளத்தில் அடியார் பலர் உயிரிழந்தனர். ஆதலின், மழைக்காலத்தில் வனத்துறையினர் வழியை அடைக்கும்போது, அதனைத் தம் உயிர்க்காவல் எனக் கொள்ளுதலே அறிவுடைமை. காட்டில் தீ மூட்டுதலும் பிளாஸ்டிக் பைகளை எறிதலும் அறவே தகா. ஒரு தீப்பொறி, பல்லாண்டு வளர்ந்த காட்டை ஒரு பகலில் எரித்துவிடும்.

மலை உச்சியில் நிற்பவன் கிழக்கே நோக்கின், சமவெளி பரந்து கிடப்பதைக் காண்பான். அங்கே கண்மாய்கள் நீருக்குக் காத்திருக்கின்றன. மலையில் ஒரு மரத்தைக் காப்பவன், கீழே யாரோ ஓர் உழவனின் வயலையும் காக்கின்றான்.